இரண்டாவது குடை

சித்திரை மாதத்து மாலைப் புயல் அடித்து ஓய்ந்ததும், கல்கத்தா பாலிகஞ்சின் அந்தத் தெருவில் முதலில் தலை நீட்டியவர் மளிகைக் கடைக் கதிரேசன். ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் குனிந்து பார்த்தார். வளைவில் நின்ற ராதாசூடா மரம் இடுப்பளவில் முறிந்து சாலையின் குறுக்கே கிடந்தது. நனைந்த மஞ்சள் பூக்கள் தாரோடு ஒட்டியிருந்தன. கிளைகளுக்கு அடியில் ஒரு கை தெரிந்தது. அது விரித்த குடையின் பிடியை இன்னும் விடவில்லை.

இறந்தவர் ரமணன். எதிர்க் கட்டடத்தில் இரண்டாம் மாடிக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த மரத்தை வெட்டக் கூடாது என்று மாநகராட்சியோடு மல்லுக்கு நின்றவரும் அவரே. அதனால் தெரு ஒரே நாளில் தீர்ப்பு எழுதிவிட்டது. உளுத்த மரத்தைக் காப்பாற்றினார், அதுவே அவரை எடுத்துக்கொண்டது. புயலில் எதற்கு வெளியே போனாராம்? மரத்தைக் கட்டிப் பிடிக்கத்தான்.

மரம் விழுவதற்குச் சற்று முன் அவர் மனைவி ஷோபனா பவானிபூர் மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தாள். அவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "ஜன்னல் எல்லாம் சாத்தினேளா?" என்று கேட்டாள். "சாத்திண்டே இருக்கேன்" என்றார். பிறகு லைன் அறுந்தது. வீட்டில் மின்சாரம் போனால் அந்தக் கார்ட்லெஸ் தொலைபேசியும் போகும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை. சப்-இன்ஸ்பெக்டர் ஹால்தார் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். அதற்குள் முகத்தில் ஐம்பது வயதின் தூக்கமின்மை.

"கேஸ் முடிஞ்சுது, மாஷிமா. மெஷோமஷாயோட பொருளை ஒப்படைக்க வந்தேன்" என்றார் வங்காளியில், பெரியம்மா பெரியப்பா முறை வைத்து. "இன்னொரு விஷயம். திங்கட்கிழமை இந்தத் தெருவில மிச்சமிருக்கிற மரத்தையும் வெட்டறாங்க. ஒண்ணு உளுத்துப் போச்சுன்னா எல்லாம் உளுத்ததுதான்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"உளுத்திருந்ததுன்னு யார் பார்த்தா?"

"விழுந்துதே, மாஷிமா."

ஷோபனா எழுந்தாள். சமையலறைக்குப் போய்த் தாமிர அண்டாவிலிருந்து வெந்நீர் பிடித்தாள். அந்தக் குழாய் இணைப்பு வருஷக் கணக்காகக் கசிந்தது. நான்கு வீடு தள்ளியிருக்கும் மகாதேவன்தான் உளுந்தை அரைத்துச் சுண்ணாம்பு கலந்து அப்பி அடைத்துக் கொடுத்தார். ரமணனின் நண்பர். அதன் பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. டீயைப் போட்டு ஹால்தார் கையில் கொடுத்துவிட்டுப் பையைப் பிரித்தாள்.

மூக்குக் கண்ணாடி. வாசற்சாவி. கம்பி வளைந்த கறுப்புக் குடை. கூடவே இன்னொரு குடை, நீலம், நாடா போட்டுச் சுருட்டியபடி.

"இது வேற யாரோடதோ?" என்றார் ஹால்தார்.

"எங்களோடதுதான்."

அடியில் வெள்ளைச் சட்டை இருந்தது. அதைத்தான் அவள் மூன்று வாரமாகப் பார்க்கப் பயந்திருந்தாள். விரித்தாள். வயிற்றுப் பக்கம் ரத்தம் காய்ந்து காப்பிக் கொட்டை நிறத்துக்குப் போயிருந்தது. வலது தோளில் ஒரு கை அகலத்துக்கு இன்னொரு கறை. அது மட்டும் செங்கல் சிவப்பாகவே இருந்தது.

காப்பீட்டு அலுவலகத்தில் நஷ்டஈட்டுப் பிரிவில் உழைத்துத் தேய்ந்தவள் ஷோபனா. எரிந்த துணி, நனைந்த துணி, எரிந்ததாகச் சொல்லப்பட்ட துணி என்று எவ்வளவோ பார்த்தாயிற்று. இனி எதையும் பார்க்க வேண்டாம் என்றுதான் ஓய்வு பெற்றாள்.

"ஹால்தார் பாபு, ரத்தம் இத்தனை நாள் சிவப்பா இருக்குமா?"

அவர் டீ தம்ளரைக் கீழே வைத்தார்.

அவள் நகத்தால் சுரண்டினாள். விரலில் பொடி ஒட்டியது. முகர்ந்து பார்க்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் விரலில் ஒட்டும் பொடிதான் அது. கோலத்துக்குக் கரை கட்டும் காவி.

*

வளைவில் அடிமரம் மட்டும் நின்றது. சுற்றிலும் இட்லிப்பூச் செடிகள், வங்காளிகள் ரங்கன் என்பார்கள், ஆள் தலை மறையும் உயரத்துக்கு அடர்ந்திருந்தன. நடைபாதைக்கு அழகாக இருக்கட்டும் என்று மாநகராட்சி நட்டவை. நட்டதோடு சரி. மகாதேவனின் ஒரே மகள் சுபிக்ஷா அந்தச் செடி மறைவிலிருந்துதான் சாலையில் கால் வைத்தாள். வளைந்து வந்த மினிபஸ்காரனுக்கு அவள் தெரியவில்லை. அவளுக்கும் பஸ் தெரியவில்லை.

அதன் பிறகுதான் மரத்தை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. ரமணன் குறுக்கே நின்றார். 'செடியை முழங்கால் உயரத்துக்குக் கத்தரியுங்கள், தாழ்ந்த கிளைகளை எடுங்கள், பார்வை மறைக்காது, மரம் நிற்கட்டும்' என்று நடையாய் நடந்தார். உத்தரவு நின்றது. கத்தரிக்க யாரும் வரவில்லை. மின்சாரக்காரர்கள் மட்டும் வந்து, கம்பிப் பக்கக் கிளைகளை வெட்டிப் போனார்கள். பாரமெல்லாம் சாலைப் பக்கம் சாய்ந்தது.

தெருவின் மற்ற மரங்களுக்கு இரவில் வண்டிக்காரர் கண்ணில் படுவதற்காக இடுப்பளவில் சிவப்பு வெள்ளை வளையம் அடித்திருந்தது. ஷோபனா கைக்குட்டையை நனைத்து ஒரு மரத்தில் அழுத்தித் தேய்த்தாள். கைக்குட்டை அழுக்கானதே தவிரச் சிவக்கவில்லை.

"எண்ணெய்ப் பெயிண்ட்" என்றாள். "துர்கா பூஜைக்கு முன்னாடி அடிச்சது. வெளுத்தாலும் கரையாது. விழுந்த மரத்தில மட்டும் வளையம் புதுசா இருந்தது. எங்க ஆத்துக்காரர் என்னைக் கூட்டிண்டு வந்து காட்டினார். 'பாரு, கடைசியில கார்ப்பரேஷன்காரன் வந்துட்டான்'னு அவ்வளவு சந்தோஷம்."

"கார்ப்பரேஷன் வரலையா?"

"வந்தா ஒரு மரத்துக்கு மட்டுமா அடிப்பான்? அதுவும் கோலக் காவியை வெச்சுண்டு?" அவள் செடிகளை விலக்கிக் குனிந்தாள். "இன்னொண்ணும் சொன்னார். எறும்பு வரிசை வரிசையா வளையத்துக்குள்ள போய்க் காணாமப் போறது, சாயத்தைத் தின்கிற எறும்பு கல்கத்தாவிலதான் உண்டுன்னு சிரிச்சார்."

அடிமரத்தின் மேல்முகம் பெரும்பாலும் பிய்ந்த நாராக இருந்தது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்திய கும்பல் ஓரத்தில் இயந்திர ரம்பம் போட்டிருந்தது. அந்த இடம் வெளிறி, சொரசொரவென்று இருந்தது. சாலைப் பக்கம் மட்டும், ஒரு சாண் ஆழத்துக்கு, வேறு மாதிரி: வழவழப்பு, நேர் கோடுகள், நிறம் கறுத்துப் போயிருந்தது.

"இதுவும் அவங்க அறுத்ததுதானே?" என்றார் ஹால்தார். "அறுத்த மரத்துல அறுப்பு இருக்கும்னு நாங்க விட்டுட்டோம்."

"ஒரே நாள்ல அறுத்தது ரெண்டு நிறமா இருக்குமா? இது கை ரம்பம். முன்னாடியே ஓடியிருக்கு. அறுத்துட்டு, பிளவை எதையோ வெச்சு அடைச்சு, மேல காவி பூசியிருக்கா."

கறுத்த முகத்தின் மூலையில் சுண்ணாம்புக் கட்டி போல ஒன்று ஒட்டியிருந்தது. ஷோபனா கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தாள். கல்லாக இறுகியிருந்தது. வெள்ளையில் ஊசிமுனைக் கறுப்புப் புள்ளிகள்.

"என்ன மாஷிமா அது?"

அவள் அதை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். "தெரிஞ்சதும் சொல்றேன்."

ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலிருந்தால் தேவலை என்று இருந்தது.

*

கதிரேசன் கடை நேர் எதிரே. மரம் நின்றவரை 'சவுத் இண்டியன் ஸ்டோர்ஸ்' பலகையில் பாதி எழுத்து கிளைக்குள் இருக்கும்.

"வாங்கக்கா" என்றார். போலீஸைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "என்ன, நம்ம கடைக்கு இவுகளையும் கூட்டியாந்துட்டீக?"

"உங்க கடைப் பலகை இப்போ நன்னாத் தெரியறது, கதிரேசன்."

"அக்கா, நீங்களே இப்படிப் பேசினா எப்படி? மரத்தாலதான் என் கடைக்கு நிழலே. இப்ப வெயில் நேரா அரிசி மூட்டையில அடிக்குது. பலகையைப் பார்த்தா மெட்ராஸ்காரன் கடையைக் கண்டுபிடிக்கிறான்? அப்பள வாசனை பார்த்து வாரான்."

"காவி யார் யார் வாங்கறா?"

"நம்மாளுக அத்தனை பேரும். நீங்க, வெங்கடநாராயணன் சார் வீடு, மகாதேவன் சார், லேக் பக்கத்து ஆளுக. கோலம் போடாத வீடு உண்டா?"

"அன்னிக்குப் புயல்ல நீங்க எங்கே?"

"உள்ளே. ஷட்டரை இறக்கிட்டு உக்காந்திருந்தேன். கிளம்பலாம்னு எந்திரிச்சேன், சார் வந்து ஷட்டரைத் தட்டி, 'வராதே, வெளியே வராதே'ன்னு கத்தினாரு. தமிழ்ல." அவர் கண்ணைத் துடைத்தார். "என்னைக் காப்பாத்திட்டு அவரு போயிட்டாரு, அக்கா."

"எந்த சார்?"

"நம்ம ரமணன் சார்தான். வேற யாரு?"

"முகத்தைப் பார்த்தேளா?"

"ஷட்டர் அடச்சிருந்துச்சே."

"தட்டினப்போ உள்ளே லைட் எரிஞ்சுதா?"

கதிரேசன் யோசித்தார். "எரிஞ்சுச்சு. ஃபேனும் ஓடிச்சு. அவரு தட்டிட்டுப் போய்ச் செத்த நேரங்கழிச்சுத்தான் கரண்ட் போச்சு. அப்புறம் மரம் சாஞ்ச சத்தம்."

ஷோபனா கடைப் படியில் உட்கார்ந்தாள். ஹால்தார் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"கரண்ட் போற வரைக்கும் அவர் மாடியில என்னோட பேசிண்டிருந்தார்" என்றாள் மெல்ல. "ஷட்டரைத் தட்டினது வேற ஆள். மரம் விழும்னு தெரிஞ்ச ஆள்."

*

வெங்கடநாராயணன் ஷோபனாவின் கட்டடத்திலேயே தரைத்தளத்துக்காரர். அவருடைய கார் கொட்டகை வாசலை மறைத்துக்கொண்டு அந்த மரம் நின்றது. ரமணனோடு பேச்சுவார்த்தை நின்று வருஷமாகிவிட்டது. கதவைத் திறந்தவர் ஹால்தாரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா ஷோபனா, என்னை உள்ளே போடறதுக்கு ஆளோட வந்திருக்கியா?"

"மரத்தை யாரோ அறுத்திருக்கா. அது போகணும்னு சொன்னது நீங்கதானே, மாமா?"

"சொன்னேன். இன்னமும் சொல்றேன். உன் ஆத்துக்காரன் மேல கேஸ் போட்டேன். ரம்பமும் கையுமா போய் நிக்கிற வயசா இது? குனிஞ்சா நிமிர ரெண்டு பேர் வேணும்."

"அன்னிக்கு எங்கே இருந்தேள்?"

"பேஹாலாவில பொண்ணு ஆத்துல. தண்ணி தேங்கி ராத்திரி அங்கேயே தங்கிட்டேன். வேணும்னா ஃபோன் பண்ணிக் கேளு. ஆனா அவள் எடுத்தா வைக்க மாட்டாள்." சற்று நிறுத்தினார். குரல் இறங்கியது. "ரமணன் முரடன். ஆனா அயோக்கியன் இல்லே. அவன் எழுதின மனுவில மகாதேவனே முதல் கையெழுத்தைப் போட்டப்புறம் எங்களுக்கு என்ன வாய் இருந்தது? பொண்ணைப் பறிகொடுத்தவனே மரம் நிக்கட்டும்னுட்டான்."

மாடிப்படி ஏறும்போது ஹால்தார் கேட்டார்: "யாருன்னு தெரியுதா, மாஷிமா?"

"நாளன்னிக்கு வாங்கோ. ஞாயித்துக்கிழமை. அவர் கோவிலுக்குப் போய்ட்டு வந்திருப்பார்."

அன்று மாலை அவள் பால்கனியில் நின்று பார்த்தாள். மரம் இல்லாத இடத்தில் வானம் அசிங்கமாகப் பெரிதாக இருந்தது. எதிர்ச் சாரியில் கதிரேசன் கடை ஓரமும் விளக்குக் கம்பமும் துல்லியமாகத் தெரிந்தன. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்தால் கடைசியாக வருவது இந்தக் கதவுதான்.

*

ஞாயிறு காலை. மகாதேவன் வீட்டுக் கதவு சாத்தாமல் இருந்தது. மனைவி எப்போதோ போய்விட்டாள். மகளைத் தனியாக வளர்த்தவர். பதின்மூன்றாம் நாளுக்குப் பிறகு அவர் ஷோபனா வீட்டுப் பக்கம் வரவேயில்லை. அதற்கு முன்னால் எல்லாக் காரியத்தையும் முன்நின்று செய்தவர் அவர்தான், அனலாகக் கொதிக்கும் காய்ச்சலோடு.

"வாங்கோ மன்னி" என்றார். ஹால்தாரையும் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "உட்காருங்கோ. காப்பி?"

"வேண்டாம்."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தச் சின்னக் கட்டியை மேஜையில் வைத்தாள். பக்கத்தில் நீலக் குடையை வைத்தாள்.

"இது அடிமரத்தில இருந்தது. அரைச்ச உளுந்தும் சுண்ணாம்பும். தோலோட அரைச்சதால கறுப்புப் புள்ளி. எறும்பு தேடிப் போனது இந்த உளுந்தைத்தான். எங்க ஆத்து அண்டாவில இதே மாதிரிதான் அப்பியிருக்கேள். காலம்பர சுரண்டிப் பார்த்தேன், புள்ளி உட்பட ஒண்ணுதான். இந்தத் தெருவில வேற யாருக்கும் இந்தக் கை வராது. மேல பூசினது கோலக் காவி. இந்த ஊர்க்காரன் கையில அது கிடைக்காது. நம்ம வீட்டில அது எப்பவும் இருக்கும். மழையில அது ஊறி, மரம் விழுந்தப்போ அவர் தோள்ல பதிஞ்சுது. ரத்தம்னு எல்லாரும் நினைச்சா."

மகாதேவன் கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எல்லாம் விட்டாலும், ஒண்ணை யாரும் கேக்கலை. நானும் மூணு வாரம் கேக்கலை. கொட்டற மழையில ஒரு மனுஷன் ஒரு குடையை விரிச்சுண்டு, இன்னொரு குடையை எதுக்குக் கக்கத்தில இடுக்கிண்டு போவார்? கட்டிப் பிடிக்கப் போன மரத்துக்கா?" அவள் விரல் நீலக் குடையின் நாடாவில் நின்றது. "பால்கனிக் கதவைச் சாத்தப் போனவர், எதிர்ச் சாரியில தெரிஞ்சவர் ஒருத்தர் நனையறதைப் பார்த்திருக்கார். கதிரேசன் கடைக்குள்ள இருந்தார். வெங்கடநாராயணன் மாமா பேஹாலாவில. மறுநாள் காய்ச்சலோட வந்தது நீங்க. நீங்கதான் அங்கே நின்னேள், மகாதேவன். மரத்தை அறுத்துட்டு, அது விழறவரைக்கும் காவல் நின்னேள்."

தெருவில் ஒருவன் மீன் விற்றுக்கொண்டு போனான்.

"மேகம் கறுத்த ஒவ்வொரு சாயங்காலமும் நின்னேன், மன்னி" என்றார் கடைசியில். "ஒருத்தரும் அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு. ரிக்‌ஷாக்காரனைத் திருப்பி விட்டேன். கதிரேசனை உள்ளேயே இருக்கச் சொன்னேன். ரமணன் வருவார்னு நினைக்கலை. அவர் ஜன்னல் சாத்திண்டு உள்ளே இருப்பார்னு..."

"ஏன் கையெழுத்துப் போட்டேள்?"

"ரமணன் கேட்டார். அவர் கேட்டு நான் இல்லேன்னதில்லே. செடியைக் கத்தரிப்பான், கிளையை எடுப்பான், இன்னொரு குழந்தைக்கு ஆகாதுன்னார். நம்பினேன். யார் வந்தா? செடி வளர்ந்துண்டே இருந்தது. பள்ளிக்கூடம் விடற நேரத்தில அந்த வளைவில குழந்தைகள் அதே மாதிரி இறங்கறதுகள். நான் ஜன்னல்ல நின்னு பார்க்கறேன். மரம் விழுந்தா கார்ப்பரேஷன்காரன் செடியோட எல்லாத்தையும் மொத்தமா எடுத்துடுவான்னு தோணித்து."

"செடியை நீங்களே வெட்டியிருக்கலாமே?" என்றார் ஹால்தார், தமிழ் முழுக்கப் புரியாவிட்டாலும் நடப்பது புரிந்தவர் போல, ஜன்னல் வழியே செடியைக் காட்டி, வங்காளியில்.

மகாதேவன் அவருக்கு வங்காளியிலேயே பதில் சொன்னார். "செடியைத் தொட முடியலை, பாபு. அவள் கடைசியா நின்ன இடம். அதுக்குள்ள போய் உட்கார்ந்து, விடிகாலையில மரத்தை அறுத்தேன். யாருக்கும் தெரியலை. அவளையும் அப்படித்தான் யாருக்கும் தெரியலை."

பிறகு ஷோபனா பக்கம் திரும்பினார். "குடையைப் பார்த்ததும் கத்தினேன். 'வராதீங்கோ'ன்னு கையை ஆட்டினேன். கூப்பிடறேன்னு நினைச்சுண்டு அவர் வேகமா வந்தார்."

*

திங்கட்கிழமை காலை மரம் வெட்டும் கும்பல் ஏணி வண்டியோடு வந்தது. ஹால்தார் முந்திய நாளே மாநகராட்சி அதிகாரிகளைப் பார்த்துப் பேசியிருந்தார். மற்ற மரங்கள் தப்பின. வந்ததற்கு வேலை வேண்டுமே என்று, இட்லிப்பூச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கொத்துகள் நடைபாதையில் குவிந்தன. அரை மணி வேலை. இத்தனை வருஷமாக வராத அரை மணி.

ஹால்தாரிடம் ஒரு ராத்திரி அவகாசம் வாங்கியிருந்த மகாதேவன், போலீஸ் ஜீப்பை நோக்கி நடந்து வந்தவர், வளைவில் நின்றார். அங்கிருந்து தெருவின் அந்தக் கோடி வரை தெரிந்தது. தூரத்தில் ஒரு மினிபஸ் வருவதும், அதற்கு முன்னாலேயே ஒரு பெண் நின்று பார்த்துப் பின்வாங்குவதும் தெரிந்தது. தூறல் பிடித்தது. அவர் அசையவில்லை.

ஷோபனா படியிறங்கி வந்தாள். நீலக் குடையை நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு, மன்னி?"

"உங்களுக்குன்னு எடுத்துண்டு வந்தார். நான் வெச்சுண்டு என்ன பண்ண?"

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மழை வலுத்தது. ஹால்தார் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தார். மகாதேவன் குடையை நெஞ்சோடு அணைத்தபடி, நாடாவைக்கூட அவிழ்க்காமல், மழையிலேயே நடந்து போய் ஏறிக்கொண்டார்.